பூவில் பேசும் விலை

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேச மூன்று பருவங்கள் உண்டு. கார்த்திகையில் மரத்தில் வெறும் இலை மட்டும் இருக்கும்போதே பேசுவது ஒன்று. தை மாதத்தில் பூவைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ பிஞ்சைப் பார்த்துப் பேசுவது மூன்றாவது. இலையில் பேசினால் விலை குறைவு, ஆபத்து அதிகம். பிஞ்சில் பேசினால் விலை அதிகம், ஆபத்து குறைவு. நடுவில் இருக்கிற பூவில்தான் தோப்புக்காரரும் குத்தகைக்காரரும் அதிகம் மோதிக்கொள்வார்கள். மரம் முழுக்கப் பூவாக நிற்கும்போது தோப்புக்காரர் கண்ணுக்கு லாரி லாரியாகக் காய் தெரியும். குத்தகைக்காரன் கண்ணுக்கு முன்பணமும் வட்டியும் தெரியும்.

என் தாய்மாமா போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் வட்டாரத்தில் தோப்பு எடுத்தவர். அவருக்குக் கணக்கு எழுதப் போன நான், பிறகு அந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டேன். மாமாவுக்குத் தெர்மாமீட்டர் தெரியாது. மார்கழி விடியலில் தோப்புக்குள் என்னை நிறுத்திவைத்து, “பல்லு கிட்டுதாடா?” என்று கேட்பார். பல் கிட்டினால் அந்த வருஷம் பூ வரும் என்பது அவர் கணக்கு. அது பாதி சரி. குளிர் இல்லாமல் மா நன்றாகப் பூப்பதில்லை. ஆனால் பூவைக் கொண்டுவருகிற அதே குளிர் சில வாரம் கூடுதலாக நின்றுவிட்டால் காயைக் கெடுத்துவிடும். இந்த மீதிப் பாதி புரியாமல் பூவில் விலை பேசுகிறவர்கள்தான் இன்றைக்கும் அதிகம்.

மாமரத்துக் கிளை நுனியில் இருக்கும் மொட்டு தளிராகவும் வரலாம், பூங்கொத்தாகவும் வரலாம், இரண்டும் கலந்தும் வரலாம். மொட்டு வீங்கத் தொடங்குகிற அந்தச் சில நாட்களில்தான் அது முடிவாகிறது. அப்போது அடிக்கிற குளிரும் அந்தக் கிளையின் வயதும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அறைகளில் மாமரங்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பகலில் 18 டிகிரி செல்சியஸ், இரவில் 10 டிகிரி கிடைத்த மரங்கள் பூத்தன. பகலில் 30, இரவில் 25 கிடைத்தவை தளிர்த்தன. இதில் முற்றிய இலைக்கும் ஒரு பங்கு உண்டு. பூக்கச் சொல்லும் சேதி இலையில் உருவாகித்தான் மொட்டுக்குப் போகிறது. ஒரு கிளையின் பட்டையை வளையமாகச் சீவி மற்றக் கிளைகளோடு தொடர்பை அறுத்துவிட்டு, அதன் இலைகளையும் முழுக்க உருவிவிட்டால், குளிர் எவ்வளவு அடித்தாலும் அதில் பூ வருவதில்லை.

ஆகவே மார்கழியில் தோப்புக்குள் போனால் நான் முதலில் இலையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். நுனிக் கிளையில் ஓர் இலையை எடுத்து இரண்டாக மடிப்பேன். முற்றிய இலை படக்கென்று முறியும், கரும்பச்சையாக இருக்கும். இளசாக இருந்தால் துணிபோல மடியும். முறிகிற இலை நிறைய இருந்தால் அந்த மரம் குளிருக்குத் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். மடிகிற இலை நிறைய இருந்தால் அந்த மரத்துக்கு இலையில் விலை பேசமாட்டேன்.

சோதனை அறையில் கொடுத்த 10 டிகிரியெல்லாம் எங்களுக்கு எங்கே வரப்போகிறது? கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை விடியலில் 15, 16 டிகிரி என்பது வழக்கம். நல்ல குளிர் வருஷத்தில் சில நாள் அதற்கும் கீழே போகும். அப்படியிருந்தும் இங்கே மா செழிப்பாகப் பூக்கக் காரணம் கிளையின் வயது. வெப்ப மண்டலத்தில், தளிர்விட்டு நாலைந்து மாதம் ஓய்ந்திருக்கிற கிளைக்கு லேசான குளிரே போதும். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே இரவுகூடப் புழுக்கம்தான். ஆனாலும் அங்கே மா பூக்கிறது, மற்ற ஊர்களில் காய் இல்லாத பருவத்தில் பூத்துக் காய்த்து நல்ல விலைக்கும் போகிறது. ரகத்துக்கு ரகமும் வித்தியாசம் உண்டு. நீலம் எந்த வருஷமும் பெரிதாக ஏமாற்றாத ரகம். வருஷம் தவறாமல் காய்க்கும் அந்தக் குணத்துக்காகத்தான் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீலத்தைத் தசேரியோடு சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி ரகங்களை உருவாக்கினார்கள். அல்போன்சா அப்படி இல்லை. ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் படுத்துவிடும். காய்த்துக் களைத்த கிளை நேரத்தில் தளிர்விடாது, தளிர்விடாத கிளை மார்கழிக்குள் முற்றாது. அந்தக் கிளைக்கு வருகிற குளிரெல்லாம் வீண்தான்.

வடகிழக்குப் பருவமழை இந்தக் கணக்கில் புகுந்து குட்டையைக் குழப்பும். ஐப்பசி மழை மரத்துக்கு நல்லது. கார்த்திகைக் கடைசி வரைக்கும் அது இழுத்துக்கொண்டு போனால் மண்ணின் ஈரம் காயாது, முற்றியிருக்கும் கிளையும் பூவுக்குப் பதிலாக இன்னொரு தளிரை விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் எங்கள் மாவட்டத்தில் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பூ போச்சு என்றுதான் எங்கள் வட்டாரமே பேசிக்கொண்டது. நான் பார்த்த தோப்புகளில் பூ தை கடைசிக்குத் தள்ளிப்போனது, ஆனால் தள்ளிவந்த பூ நன்றாகவே பிடித்தது. அடுத்து வந்த கோடையில் பெங்களூரா ரக மாங்காய் தேவைக்கு மேல் குவிந்து விலை விழுந்தது வேறு கதை.

மழை நின்றாலும் மேகம் இருக்கிறது. மேகமூட்டமான இரவில் தரையின் சூடு மேலே போகாமல் தங்கிவிடும். வானம் துடைத்துவிட்டமாதிரி இருந்தால் விடியலில் 14 டிகிரி வரும் தோப்பில், மேகம் மூடிய இரவு 20-க்குக் கீழே இறங்காது. இதைச் சொல்வது என் தோப்பு வீட்டுத் தூணில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர். யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருக்கும், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன இரும்புத் துண்டு. இரவில் எவ்வளவு குளிர்ந்தது, பகலில் எவ்வளவு கொதித்தது என்று அந்தத் துண்டுகள் நின்ற இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். காலையில் எழுதிக்கொண்டு காந்தத்தால் துண்டுகளை இழுத்துவிட்டால் அடுத்த நாளுக்குத் தயார். மொட்டு வீங்கியபின் நான்கைந்து இரவு சேர்ந்தாற்போல மேகம் மூடினால், பிறகு வருகிற கொத்தில் அது அப்படியே தெரியும். கொத்தின் அடியில் இலை, நுனியில் பூ என்றோ, அடியில் பூ, நுனியில் இலை என்றோ கலந்து நிற்கும். எந்த வாரத்தில் குளிர் விட்டது, எந்த வாரத்தில் திரும்பியது என்பதை அந்தக் கொத்தை வைத்தே சொல்லலாம்.

மொட்டு பூவானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. மொட்டு வீங்கியதிலிருந்து பூ விரியக் குளிர் காலத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். கொத்து நீளுகிற அந்த நாட்களின் வெப்பம் இன்னொன்றைத் தீர்மானிக்கிறது. ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கும், பெரிய கொத்தில் பல ஆயிரம் இருக்கும். அதில் பெரும்பாலானவை வெறும் ஆண் பூ. காயாகக் கூடிய சூலகம் உள்ளது சிறு பங்குதான். இவற்றை இருபால் பூ என்பார்கள். கொத்து நீளும்போது குளிர் கடுமையாக இருந்தால் இருபால் பூ குறையும், ஆண் பூ கூடும். இளஞ்சூடு வந்துவிட்டால் இருபால் பூவின் பங்கு ஏறும். மார்கழியில் முந்திவந்த கொத்தைவிடத் தை கடைசியில் வந்த கொத்து நன்றாகப் பிடிப்பது இதனால்தான். ஃபெஞ்சல் வருஷத்தில் தள்ளிவந்த பூ எங்களைக் காப்பாற்றியதற்கும் இதே காரணம்.

ஒரு வருஷம் மத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பு பேசப் போயிருந்தேன். எல்லாம் பெங்களூரா, நல்ல வயதுள்ள மரங்கள். தோப்புக்காரர் பெரியவர். “பாத்தியாப்பா, இலையே கண்ணுக்குத் தெரியல. இந்தப் பூவுக்கு நீ கேக்கற விலையா?” என்றார். நான் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு திண்ணையில் செய்தித்தாளை விரித்து, விரிந்த பூக்களாக நூறு கிள்ளிப் பரப்பினேன். பையில் எப்போதும் ஒரு லென்ஸ் வைத்திருப்பேன். அதை அவர் மகனிடம் கொடுத்தேன். பூவின் நடுவில் சதைப்பற்றான ஒரு வட்டு இருக்கும். அதன்மேல் வெளிர் மஞ்சளில் உருண்டையாகச் சூலகம் உட்கார்ந்திருந்தால் அது இருபால் பூ. வட்டு மட்டும் இருந்து, ஓரத்தில் ஒற்றைக் கேசரம் செந்நிற முடியோடு நின்றால் ஆண் பூ. பையன் ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தான். ஒரு குவியலில் ஐந்தே பூ.

“அய்யா, இந்த அஞ்சுதான் காய்க்கிற சாதி. மத்ததெல்லாம் ஆம்பளப் பூ.”

பெரியவர் லென்ஸை வாங்கித் தாமே பார்த்தார். “அப்ப இத்தன பூவும் சும்மாவா?” என்றார்.

சும்மா இல்லை, மகரந்தம் பெரும்பாலும் அவற்றிலிருந்துதானே வர வேண்டும். இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன். நூற்றுக்கு ஐந்து என்பது கேட்கக் குறைவாகத் தெரிந்தாலும், ஆயிரம் பூ உள்ள கொத்துக்கு ஐம்பது ஆகிவிடுகிறது. கொத்துக்கு ஒரு காய் நின்றாலே மரம் தாங்காது. ஐம்பதில் ஒன்று பிடித்தால் போதும். ஆனால் ஐம்பதுதான் இருக்கிறது என்னும்போது, பூ விரிகிற வாரத்தில் வானிலை கொஞ்சம் கைவிட்டாலும் மிச்சம் இருக்காது. இருநூறு இருந்திருந்தால் பாதி போனாலும் கவலை இல்லை. அன்று பூவில் விலை படியவில்லை. பிஞ்சு வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் கைகொடுத்துப் பிரிந்தோம், பிறகு பிஞ்சில் பேசி முடித்தோம்.

மொட்டு, கொத்து இரண்டுக்கும் பிறகு, பூ விரிகிற வாரம்தான் வானிலையைத் தாண்ட வேண்டிய மூன்றாவது வாசல். மாம்பூவில் மகரந்தம் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு கேசரம். அது காலையில் வெயில் ஏறியபின் வெடிக்கும். இரவுகள் 10 டிகிரிப் பக்கம் இறங்கினால் மகரந்தமே சொத்தையாக உருவாகிறது. 15 டிகிரிப் பக்கம் இருந்தால் மகரந்தம் நன்றாக இருந்தாலும் சூலகத்துக்குள் இறங்க வேண்டிய அதன் குழல் மெதுவாகத்தான் நகரும். அது போய்ச் சேருவதற்குள் பூவின் ஆயுள் முடிந்துவிடலாம். மகரந்தத்தைத் தூக்கிச் செல்கிறவர்களும் குளிரில் வேலைக்கு வரமாட்டார்கள். மாவுக்குத் தேனீயைவிட ஈதான் பெரிய கூலியாள். வீட்டு ஈ, நீல ஈ எல்லாம் மாம்பூவில் மொய்க்கும். பனி விலகி வெயில் சுள்ளென்று விழும்வரை ஈ அசையாது. பூ விரியத் தொடங்கியதும் கருவாட்டுத் தலையும் குடலும் சாக்கில் கட்டித் தோப்பில் ஆங்காங்கே தொங்கவிடுவேன். நாற்றம் தாங்காமல் வேலைக்காரப் பெண்கள் திட்டுவார்கள். ஈ வரும். ஈ வந்தால் பிஞ்சு வரும். இந்த நாட்களில் தத்துப்பூச்சிக்குப் பயந்து பூ முழுக்க விரிந்த நேரத்தில் மருந்தடிக்கிறவர்கள் ஈயையும் சேர்த்துக் கொன்றுவிட்டுப் பிஞ்சு பிடிக்கவில்லை என்று குளிரைக் குறை சொல்வார்கள். மருந்து அடிக்க வேண்டியது பூ விரிவதற்கு முன்னால். சாம்பல் நோய்க்கான நனையும் கந்தகமும் அப்படித்தான். குளிர்ந்த இரவும் உலர்ந்த பகலும் சேர்ந்தால் அந்த நோய்க்குக் கொண்டாட்டம்.

குளிர் செய்யும் கடைசி வேலை கண்ணுக்கே தெரியாது. பூ பிடிக்கும், கடுகு அளவில் பிஞ்சு தெரியும், மிளகு அளவாகும், கோலிக்குண்டு அளவுக்கும் வந்துவிடும். தோப்புக்காரர் மகிழ்ச்சியாக இருப்பார். பிறகு மொத்தமாக மஞ்சளாகி உதிரும். பூ விரிந்தபோதும் அதற்கடுத்த நாட்களிலும் குளிர் கடுமையாக இருந்தால் கரு வளராமல் உள்ளேயே செத்துவிடுகிறது. கொட்டையில்லாப் பிஞ்சு மரத்தில் நிற்காது. நின்றாலும் பெருக்காது. பிஞ்சில் விலை பேசும்போது நான் சவர பிளேடு எடுத்துக்கொண்டுதான் போவேன். பட்டாணி அளவைத் தாண்டிய பிஞ்சுகளை வெவ்வேறு மரத்திலிருந்து பறித்து நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பேன். உள்ளே பருப்பு வெள்ளையாக, நிறைவாக இருந்தால் அந்தப் பிஞ்சுக்கு விலை உண்டு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் மரத்தில் தொங்குவதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

ஒரே தோப்பிலும் குளிர் ஒரேமாதிரி விழுவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பர்கூர், ஜெகதேவிப் பக்கத்தில் குன்றையொட்டிய தோப்புகளில் மேட்டு மரத்துக்கும் பள்ளத்து மரத்துக்கும் விடியலில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரும். பள்ளத்து மரம் நிறையப் பூக்கும். மேட்டு மரம் அதைவிடக் குறைவாகப் பூத்தாலும் பிஞ்சைப் பிடித்துக்கொள்ளும். சாலையோரப் பள்ளத்து மரங்களைக் காட்டி மொத்தத் தோப்புக்கும் விலை சொல்கிற தோப்புக்காரர்கள் உண்டு. அதே மரங்களைக் காட்டி விலையைக் குறைக்கிற குத்தகைக்காரர்களும் உண்டு. இரண்டையும் நடந்து பார்த்துப் பேசுவதே நியாயம்.

குளிர் வராத வருஷத்தில் என்ன செய்வது? பிலிப்பைன்ஸில் பழைய காலத்தில் மாமரத்தடியில் நாட்கணக்கில் புகைமூட்டிப் பூக்க வைத்தார்கள். 1970-களில் ரமோன் பார்பா என்கிற அந்நாட்டு விஞ்ஞானி புகைக்குப் பதிலாகப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தே பூவை வரவழைத்தார். நம் ஊரிலும் பிப்ரவரி ஆகியும் பூக்காத மரத்துக்கு அதை 1 சதவீதக் கரைசலாக, லிட்டருக்கு 10 கிராம் வீதம் தெளிப்பார்கள். ஆனால் அதற்கும் கிளை முற்றியிருக்க வேண்டும். இளங்கிளையில் தெளித்தால் தளிர்தான் கிடைக்கும், காசும் போகும்.

இன்னொரு வழி கல்தார். பேக்லோபூட்ரசால் என்னும் மருந்தின் வியாபாரப் பெயர் அது, எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செப்டம்பரில் மரத்தடியில் ஊற்றினால் தளிரை அடக்கிவைக்கும். குறைந்த குளிரிலும் மரம் பூக்கும், சீக்கிரமும் பூக்கும். அளவறிந்து, நல்ல உரமும் தண்ணீரும் கொடுத்துச் செய்தால் தவறில்லை. எங்கள் தொழிலில் நடப்பது வேறு. ஓரிரு வருஷத்துக்கு மட்டும் தோப்பு எடுப்பவர் தோப்புக்காரரிடம் சொல்லாமலேயே அளவுக்குமேல் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். மருந்து மண்ணில் நெடுநாள் தங்கும். அடுத்து வரும் தளிர்கள் குட்டையாகக் கொத்துக்கொத்தாக நிற்கும், மரம் தேய்ந்துபோகும். அப்படிக் கெட்ட தோப்புகளை மறுபடி தேற்றச் சில வருஷங்கள் பிடிக்கின்றன. குத்தகைப் பத்திரத்தில் ‘தோப்புக்காரர் சம்மதமின்றிப் பூ மருந்து ஊற்றக்கூடாது’ என்று ஒரு வரி சேர்ப்பதில் இரு பக்கத்துக்கும் நஷ்டமில்லை.

குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், இப்போது என்னை அதிகம் பயமுறுத்துவது வெயில்தான். முன்பு தை முடிந்தால் மாசியில் படிப்படியாகச் சூடு ஏறும். மாவுக்கு வேண்டியதும் அதுதான்: மொட்டுக்குக் குளிர், கொத்துக்கு இளஞ்சூடு, பிஞ்சுக்கு வெயில். இப்போது சில வருஷம் மாசியிலேயே 35 டிகிரியைத் தொடுகிறது. வறண்ட காற்றோடு அந்தச் சூடு வந்தால் சூல்முடி காய்ந்துவிடும், பிடித்த பிஞ்சும் காம்போடு கழன்றுவிடும். 2024 கோடையில் எங்கள் மாவட்டமே அதைப் பார்த்தது. ஏப்ரல் வெயிலில் பிஞ்சு தரையை மூடியது. தண்ணீர் இருந்தவர் ஓரளவு தப்பினார், மானாவாரித் தோப்பு தப்பவில்லை. அந்த வருஷமும் தை மாதத்தில் பூவைப் பார்த்துப் பெருந்தொகைக்குப் பேசியவர்கள் இருந்தார்கள்.

தோப்புக்காரர்களுக்கும், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கும் சொல்வது இதுதான். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தோப்பு வீட்டுத் தூணில் நிழல்பட மாட்டுங்கள். கார்த்திகை முதல் பங்குனி வரை தினமும் காலையில் குறைந்த அளவையும் அதிக அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைக் குத்தகை பேசும்போது இரு தரப்பும் பாருங்கள். முன்பணத்தைப் பூவில் கொடுங்கள், வாங்குங்கள், அதில் தவறில்லை. முழு விலையை மட்டும் பூவில் முடிக்காதீர்கள். பிஞ்சு பட்டாணி அளவைத் தாண்டியபின், அதை அறுத்துப் பருப்பைப் பார்த்துவிட்டு மீதி விலையைப் பேசுங்கள்.